வெந்நி எப்சியின் கடல்

எப்சியை உட்கார வைத்துப் பேசியவர்கள் ராஜபாளையத்தில் யாரும் இல்லை. பஞ்சு மில்லில் ஷிப்ட் முடியும் முன்பே கால் வாசலுக்குப் போய்விடும். ஜெபக்கூட்டத்தில் ஆமென் சொல்வதற்குள் செருப்பைத் தேடுவாள். "காலுல வெந்நிய ஊத்திக்கிட்டே பெறந்தவ" என்பார்கள் மில்லில். பெயரே வெந்நி எப்சி என்று ஆகிப்போனது.

அந்தக் கால் அடங்கும் இடம் ஒன்று உண்டு. மே மாதம் மில் தோழிகளை வேனில் ஏற்றி மணப்பாட்டுக் கடலுக்குக் கூட்டிப்போவாள். முழங்கால் தண்ணீரில் நின்றால் போதும், தேர் நிலைக்கு வந்த மாதிரி அசையமாட்டாள். வருசம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் ஓடினாள்.

போன மேயில் வெயில் வந்து குடியைக் கெடுத்தது. மணலில் கால் வைக்க முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேலைக்கு வரும் முனீஸ்வரி மயங்கி விழுந்தாள். அதிலிருந்து கடல் என்றாலே, "ஆத்தாடி, ஆள விடு" என்று ஆளாளுக்குக் கும்பிட்டார்கள். அய்யனார் கோவில் அருவிக்குப் போவோமே என்றாள் ஒருத்தி. நல்லா போனாள்! மழை பொய்த்த இந்த மேயில் அங்கே குரங்குக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை.

எப்சிக்குச் சோறு இறங்கவில்லை. முனீஸ்வரி வந்தால் மற்றவர்களும் வருவார்கள். அவள் வராவிட்டால் இந்த வருசம் கடல் கிடையாது. வீடு தேடிப் போய் நின்றாள்.

"விடியக்காலம் போயிருவோம் தாயி. வெயில் ஏறதுக்குள்ள திரும்பிருவோம்."

"கடலுக்குப் போறமா, பால் வாங்கப் போறமா?" என்று கேட்டாலும் முனீஸ்வரி வரச் சம்மதித்தாள். ஆனால் ஏசி வேனை விட்டு இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மணப்பாட்டில் சூரியன் இன்னும் தலைகாட்டவில்லை. அதற்குள் ரவிக்கை முதுகில் ஒட்டியது. எப்சி ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் காலை வைத்தாள்.

தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

இன்னும் உள்ளே போனாள். அங்கேயும் அதே சூடு, குளிக்க விளாவி வைத்த வெந்நீர் மாதிரி.

"ஏட்டி, சில்லுன்னு இருக்கா?" வேன் ஜன்னலைத் திறந்து முனீஸ்வரி கத்தினாள்.

"ஐஸா இருக்கு! எறங்கி வா!" கூசாமல் புளுகினாள் எப்சி.

முனீஸ்வரி இறங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். அலை வந்து பாதத்தை நனைத்ததும் முனீஸ்வரி நிமிர்ந்து எப்சியைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, ஒன் வெந்நி கடலுக்கும் வந்துருச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். எப்சியும் சிரிக்கத்தான் பார்த்தாள். கால் நிற்கவில்லை. மாற்றி மாற்றி ஊன்றினாள், கரையைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக, கடலை விட்டு எப்போது கிளம்பலாம் என்று இருந்தது அவளுக்கு.