கவிதா சொன்ன பொய்

கொடைக்கானல் போய் வந்ததை ஞாயிற்றுக்கிழமை இங்கே எழுதியிருந்தேன். காலையில் ஏரியில் படகு, அப்புறம் சைக்கிள், சாயங்காலம் மலைப்பாதையில் பனிமூட்டத்தில் வழி தவறியது எல்லாம்.

பயந்து உட்கார்ந்துவிட்ட என் மனைவி கவிதாவை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்ததாகவும் எழுதியிருந்தேன்.

இன்று காலை பெசன்ட் நகர் காய்கறிக் கடையில் எங்கள் மாடி வீட்டு அக்கா எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டார்.

"படிச்சேன் கவிதா! உன் வீட்டுக்காரர் மட்டும் இல்லைன்னா உன் கதி என்ன ஆயிருக்கும்?"

நான் கத்திரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

கவிதா சிரித்தாள். "ஆமாங்க்கா, அவர்தான் கூட்டிட்டு வந்தாரு."

உண்மையில் பாறைமேல் உட்கார்ந்து அழுதவன் நான். செருப்பு அறுந்துபோய், வெறுங்காலோடு என்னை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தவள் அவள்.

வெளியே வந்ததும், "ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"பின்னே, கடையில வெச்சு உங்க மானத்தை வாங்கணுமா?" பையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

என் பொய்யை அவளையும் சொல்ல வைத்துவிட்டேன். அதுதான் கூசுகிறது.

இங்கே உண்மையை எழுதிவிட்டேன். இனி மாடி ஏறி அக்காவிடம் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது, யாராவது சொல்லுங்களேன்.