குமாரின் முட்டி

தொண்ணூறுகளில் எங்கள் செந்தூல் ஃபிளாட்டில் என்னிடம் மட்டும்தான் கம்ப்யூட்டர் இருந்தது. கால்பந்து மேனேஜர் கேமில் இங்கிலாந்து ஆட்டக்காரர்களை அழித்துவிட்டு, எங்கள் வட்டார ஆட்டக்காரர்களை ஏற்றினேன். ஒவ்வொருவரின் வேகத்துக்கும் உடல்நிலைக்கும் போடும் எண்கள் நிஜம்போலவே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நண்பன் குமார் மாநிலக் குழுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். முட்டி வலியை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். அதையும் கேமில் சேர்த்தேன்.

ஒரு ஞாயிறு, அந்த கேமை விளையாட வந்த எங்கள் ஃபிளாட் ரவி எரிச்சலானான். "என்னடா, குமார் எப்பப் பார்த்தாலும் இஞ்சுரியாவுறான்?"

"உண்மையிலயே அவனுக்கு முட்டி சரியில்ல லா," என்றேன் பெருமையாக. ரவியின் மாமா தேர்வுக் குழுவில் இருப்பது அப்போது என் நினைவுக்கே வரவில்லை.

அடுத்த வாரம் தேர்வுக்குப் போன குமாரைத் திடலில் இறக்கவே இல்லை. முட்டியைக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை நேராக என் வீட்டுக்கு வந்தான். "ரவி எல்லாம் சொன்னான். எங்க, காட்டு."

திரையில் அவன் பெயரைத் திறந்தேன். காயத்துக்கு நான் போட்டிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கரெக்டாத்தான் போட்டிருக்கடா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அதன்பிறகு அவன் என் வீட்டுக்கு வரவில்லை.

ஆட்டக்காரர்களைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அந்த வலியை அவன் ஒரு நண்பனிடம் சொல்லியிருந்தான் என்பது மட்டும் எனக்கு உறைக்காமல் போயிற்று.