போல்ட் தலையைப் பிடித்தது யார்?

கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படியுங்கள். எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. எனக்குத்தான் நடந்தது. பேய் என்றால் இருட்டில் வரும், நாய் ஊளையிடும், விளக்கு அணையும் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில்.

நான் இரும்பு வளைவுகள் பொருத்துகிற ஆள். பழைய சந்தைக் கட்டடம் ஒன்றில் வேலை. அதன் கூரைக்குக் கீழே வார்ப்பிரும்பில் நீளமான வளைவு ஓடுகிறது. அவ்வளவு பெரிய வளைவை ஒரே வார்ப்பாக ஊற்ற முடியாது. துண்டு துண்டாக வார்த்து, இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் கடைசித் துண்டைச் செருகுவோம். அதற்குச் சாவி என்று பெயர். அதுவரை மொத்தப் பாரத்தையும் மரச்சாரம் தாங்கும். சாவியைச் செருகி, போல்ட் போட்டு முறுக்கியபின் சாரத்தைப் பிரித்துவிடுவோம். பிறகு துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தாமாகவே நிற்கும்.

போல்ட் முறுக்க இரண்டு பேர் வேண்டும். போல்ட்டின் தலை வளைவுக்கு மேலே, நட்டு கீழே. மேலே, கூரைக்கும் வளைவுக்கும் நடுவில், ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம் உண்டு. ஒருவன் அங்கே படுத்து ஸ்பேனரால் தலையைப் பிடிப்பான். இன்னொருவன் சாரத்தில் நின்று கீழேயிருந்து நட்டை முறுக்குவான். மேலே பிடி இல்லாவிட்டால் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். நாள் முழுக்க முறுக்கினாலும் இறுகாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் இரும்பு இருப்பதால் பேச்சு தெளிவாகக் கேட்காது. அதற்கு என் அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு தட்டு என்றால் ‘பொறு’. இரண்டு தட்டு என்றால் ‘பிடிச்சிட்டேன், முறுக்கு’. மூன்று தட்டு என்றால் ‘என்னை வெளியே எடு’. அண்ணன், நான், என் மனைவியின் தம்பி, இந்த மூன்று பேருக்குள் மட்டும் இருந்த ஏற்பாடு இது.

அண்ணன் இப்போது இல்லை. இதே சந்தையில், இதே இடத்தில், சாரத்தைப் பிரித்த அன்று வளைவு இடிந்து விழுந்தது. அவர் மேலே இருந்தார். நானும் மச்சினனும் அன்று வேறொரு வேலையில் இருந்தோம். போல்ட்டை அவர் சரியாகப் பிடிக்காமல் விட்டதுதான் காரணம் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டார். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? பிறகு அந்தப் பெரிய மனிதர் வீட்டுக்கும் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்று, “ஒரு நொடிதாம்மா. வலியே தெரிஞ்சிருக்காது” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி உயிரோடு இருந்தார்.

இடிந்த இடத்தைத் திரும்பக் கட்ட அதே கம்பெனி ஆள் தேடியது. நான் முடியாது என்றேன். அண்ணிதான் விடவில்லை.

“போங்க தம்பி. அவர் வேலையில குறை வச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். ‘உங்கப்பாவாலதான் இடிஞ்சுது’ன்னு பள்ளிக்கூடத்துல பசங்க சொல்றாங்களாம். பெரியவன் வந்து அழறான்.”

போனேன்.

சாவியைச் செருகி, மேலேயிருந்து போல்ட்டுகளை நுழைத்து வைத்துப் பத்து நாள் கழித்து, முறுக்குகிற நாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கூரையின் சூட்டில் இரும்பைத் தொட முடியவில்லை. சாவிக்கு எட்டு போல்ட். மச்சினன் மேலே, நான் கீழே. முதல் இரண்டு போல்ட்டும் எப்போதும்போல இறுகின. எப்போதும்போல என்றால், அவன் மேலே இருமுவான், ஸ்பேனர் வழுக்கும், போல்ட் கொஞ்சம் சுற்றும், நான் கீழேயிருந்து அவன் பரம்பரையை விசாரிப்பேன். அப்படித்தான் எங்கள் வேலை நடக்கும்.

பிறகு ஒரு தட்டு.

டங்.

பொறுத்தேன். மணி பன்னிரண்டே முக்கால். பசி வயிற்றைக் கிள்ளியது. கொஞ்ச நேரத்தில்...

டங். டங்.

முறுக்கினேன். மூன்றாவது போல்ட் ஒரு மயிரிழைகூடச் சுற்றாமல் இறுகியது. மாப்பிள்ளைக்குத் திடீரென்று எங்கிருந்து இவ்வளவு தெம்பு வந்தது என்று சிரித்துக்கொண்டேன். நான்காவதும் அப்படியே. ஐந்தாவதும்.

ஐந்தாவதில்தான் கவனித்தேன். மேலே இருமல் இல்லை.

ஆறாவதில் இன்னொன்று. வரிசை மாற்றி வேறொரு போல்ட்டுக்குப் போனேன்; நட்டில் ஸ்பேனரை வைப்பதற்கு முன்பே அதன் தலையில் இரண்டு தட்டு வந்துவிட்டது. நான் எந்தப் போல்ட்டுக்குப் போகிறேன் என்று மேலே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

ஏழாவதில் விரல் போல்ட்டின் நுனியில் பட்டது. சில்லென்று இருந்தது. பக்கத்து இரும்பில் கை வைத்தால் தோல் உரியும். போல்ட் மட்டும் குளிர்ந்திருந்தது...

எட்டாவதையும் முறுக்கினேன். கை பழக்கத்தில் செய்தது. அப்படி ஒரு பிடியை நான் ஒரே ஒருவரிடம்தான் பார்த்திருக்கிறேன்.

“மாப்ள!” என்று கத்தினேன்.

“என்ன மாமா?”

குரல் மேலேயிருந்து வரவில்லை.

கீழேயிருந்து வந்தது.

குனிந்து பார்த்தேன். மச்சினன் தரையில் நின்று சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“நீ... எப்படா இறங்கின?”

“வயிறு சரியில்லன்னு அப்பவே இறங்கிட்டேன் மாமா. பொறுக்கச் சொல்லி ஒரு தட்டு தட்டினேனே?”

நிமிர்ந்து வளைவைப் பார்த்தேன்.

மேலே...

டங். டங். டங்.

மூன்று தட்டு.

மச்சினன் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. அவனுக்கும் கேட்டிருக்கிறது.

டங். டங். டங்.

பிறகு சத்தம் நகர்ந்தது. சாவித்துண்டின் ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக... நாங்கள் வார்ப்பைத் தட்டிச் சோதிப்போமே, அப்படி. நல்ல வார்ப்பு மணிபோலப் பேசும்.

ணங்...

ணங்...

ணங்...

தொப்.

அங்கேயே நின்றது. திரும்பவும்.

தொப்.

என் முகத்துக்கு நேர் மேலே. பாக்கெட்டிலிருந்த ஆணியை எடுத்துக் கீறினேன். பெயிண்ட் உரிந்தது. அடியில் இரும்பு இல்லை. கறுப்பாக, பிசுபிசுவென்று... மெழுகு. இரும்புத் தூளையும் கரியையும் மெழுகில் குழைத்து அப்பியிருந்தார்கள். வார்க்கும்போது காற்று நின்று குழி விழுந்த துண்டை இப்படித்தான் நல்ல துண்டாக்கி விற்பார்கள். ஆணி அதற்குள் முழுசாக இறங்கியது.

சத்தம் நின்றுவிட்டது.

இறங்கி ஓடிப்போய் சூப்பர்வைசரிடம் சொன்னேன். தட்டு கேட்டதையும் சொல்லித் தொலைத்தேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“வெயிலுக்கு இரும்பு நீளும்யா. சத்தம் வரத்தான் செய்யும். நாளைக்கு சாரத்தைப் பிரிக்கணும், போய் வேலையைப் பாரு.”

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அந்த மெழுகின்மேல் ஓங்கி ஒரே போடு. சாவி இரண்டாகப் பிளந்தது. உள்ளே கை நுழைகிற அளவுக்குக் குழி. எட்டு போல்ட்டும் அசையவில்லை.

பிறகு மச்சினனும் நானும் டார்ச் எடுத்துக்கொண்டு மேலே பார்த்தோம். தூசியில் அவன் முழங்கால் தடம் இரண்டாவது போல்ட் வரை இருந்தது. அதற்கு அப்பால் தூசி கலையவே இல்லை. மிச்ச ஆறு போல்ட்டின் தலைமேலும் அப்படியே படிந்திருந்தது.

கம்பெனி வேறு சாவி வாங்கியது. சூப்பர்வைசரை இதைவிடப் பெரிய வேலைக்கு மாற்றினார்கள். பழைய இடிபாடுகளை எப்போதோ உருக்கக் கொடுத்துவிட்டதால் அண்ணன்மேல் எழுதியதைத் திருத்த வழியில்லையாம். கம்பெனி பொருளை உடைத்ததற்காக என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நியாயம் எப்படி ஓடுகிறது பாருங்கள்.

நான் கிளம்பும்போது கிரேன் டிரைவர் வாசல்வரை கூடவே வந்தார். உடைந்த சாவியில் ஒரு துண்டைத் தூக்க முடியாமல் நான் தூக்கிக்கொண்டு போக, ஒரு கை பிடித்தார். சட்டென்று நின்றார்.

“ஒண்ணு சொல்லணும்யா. மனசுல வச்சுக்க முடியல. வளைவு விழுந்த அன்னிக்கு... உள்ளேருந்து சத்தம் வந்துச்சு. இரும்பை யாரோ தட்டுற மாதிரி. கிரேனைக் கொண்டாரவான்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். ‘வெயிலுக்கு இரும்பு நீளுது, பெரிய அதிகாரிங்க வந்து பாக்குற வரைக்கும் எதையும் தொடாதே’ன்னுட்டாரு.”

“எவ்வளவு நேரம் வந்துச்சு?”

“மத்தியானம் விழுந்துச்சு. பொழுது சாயுற வரைக்கும்.”

“எப்படித் தட்டுச்சு?”

“மூணு மூணா...”

அவருக்கு அதன் அர்த்தம் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் நனைந்துகொண்டே அண்ணி வீட்டுக்குப் போனேன். அந்த இரும்புத் துண்டைத் தரையில் வைத்து, மெழுகை விரலால் வழித்துக் காட்டினேன்.

“அண்ணன்மேல தப்பே இல்ல அண்ணி. அவர் பிடிச்ச பிடி பிடிச்சதுதான். துண்டுதான் மோசம். அன்னிக்கும் இதுதான் நடந்திருக்கும்.”

அண்ணி பெரியவனைக் கூப்பிட்டு அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு நொடிதானே தம்பி? வலி தெரிஞ்சிருக்காதுல்ல?”

“ஒரு நொடிதான் அண்ணி.”

அந்த ஆள் சொன்ன அதே பொய். என் வாயாலும் வந்தது.

கிளம்ப எழுந்தேன். அடுப்படிக்கு மேலே, தகரக் கூரையில்...

டங். டங். டங்.

நான் கூரையைப் பார்த்தேன். அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தகரம் தம்பி. அவர் போனதுலேருந்து மத்தியானம் ஆனா பொழுது சாயுற வரைக்கும் இப்படித்தான். வெயிலுக்கு நீளுது போல.”

வெளியே காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது.