புகையில்லாத கரி

பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்காற்று ஆகாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இதை யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள், நானும் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து என்னையும் பிள்ளையையும் கூட்டிவந்த அன்றே மாமியார் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கிலும் தகரக் கூரையின் கீழும் சாக்கைத் திணித்துவிட்டார். ஆடி மழை கொட்டியது. விறகுப் புகை பிள்ளைக்கு ஆகாதென்று கரியை வெளியே மூட்டி, விசிறி, புகை அடங்கிய பிறகே சட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தார். அவ்வளவு பக்குவம்!

எனக்குத் தலை பிளந்தது. குமட்டியது. வெளியே கக்கூசுக்குப் போனால் தெளியும், வந்து படுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

"அத்தை, உள்ள வந்தாத்தான் இப்புடி பண்ணுது."

"வெளிய போனியில்ல, காத்து பட்டுருச்சு. பச்ச ஒடம்பு" என்றவர், இன்னும் கொஞ்சம் தணலை அள்ளிப் போட்டுவிட்டு அந்திக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலையில் இருந்தார்.

பால் குடிக்கும் நேரம் தாண்டியும் பிள்ளை அழவில்லை. கன்னத்தைத் தட்டினேன். கண் திறக்கவில்லை. எழுந்தால் கால் நிற்கவில்லை. கூப்பிட்டேன், தகரத்து மழையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. புகை போன கரியிலிருந்தும் வாசனையே இல்லாத நஞ்சு வரும் என்று டாக்டர் சொன்னது பிறகுதான். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: வெளியே போனால் தெளியும்.

பிள்ளையை அணைத்தபடி தவழ்ந்தேன். சாக்கைப் பிடுங்கி, கதவைத் தள்ளி, வெளியே இஸ்தோப்புத் தாழ்வாரத்தில் பிள்ளையைக் கிடத்தி அதன் பக்கத்திலேயே விழுந்தேன்.

அத்தை நனைந்துகொண்டு வந்தார். "அடிப்பாவி, பச்சப் புள்ளைய தரையில போட்டு வச்சிருக்கியே!" என்று அள்ளிக்கொண்டு கதவை நோக்கித் திரும்பினார். உள்ளேதான்!

எனக்கு நாக்கு எழவில்லை. மழைக்காக அவர் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படங்குத் தாளை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"விடுடி, புள்ள குளிர்ல வெறைச்சுப் போச்சு!"

நான் விடவில்லை. இழுத்த இழுப்பில் வாசற்படிவரை தரையில் தேய்ந்துகொண்டே போனேன். அந்த நேரத்தில் தெம்பு இருந்திருந்தால் அவரைக் கொன்றிருப்பேன்.

"உள்ள... வேணாம்... கரி..."

அத்தை என்னைப் பார்த்தார். உள்ளே தணலைப் பார்த்தார், கையில் கண் திறக்காமல் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையோடு அப்படியே சாரலில் உட்கார்ந்து, ஊரைக் கூட்டி அலறினார்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் மூச்சுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். "கரிய வீட்டுக்குள்ள வைக்கவே கூடாது, தலை சுத்தினா முதல்ல எல்லாரும் வெளிய வரணும்" என்று டாக்டர் அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது. பக்கத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. ஊசி போட வந்த தாதி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கிழிந்த படங்குத் துண்டை நான் இன்னும் விட்டிருக்கவில்லை.