வீரமுத்துவின் அறுநூறு செதில்கள்

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் என் குஷன் கடையைத் தெரியாத பஸ் டிரைவர் கிடையாது. ரெங்கத்தில் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மாற்றுச் சட்டைகூட இல்லாமல் இங்கே வந்தேன். இன்று சொந்தக் கடை, மூன்று மெஷின். நான் தைத்த சீட் தையல் விட்டதாக ஒருவன் சொல்லட்டும், கடையை அவன் பெயருக்கே எழுதிக் கொடுக்கிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இது வீரமுத்துவின் கதை. ஆனால் இந்தக் கதையில் கெட்டுப்போனதெல்லாம் என் தையலால்தான் என்று என் பெண்சாதியே சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

வீரமுத்துவுக்கு நாற்பத்தொன்பது வயது. செனாய்ப் பக்கம் ஃபேக்டரிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறான். காலை ஏழு மணிக்கு இறக்கிவிட்டால் மூன்று மணி வரை சும்மாதான். மற்ற டிரைவர்கள் படுத்துத் தூங்குவார்கள். இவன் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனில் கேம் விளையாடுவான். அதில் பாதி மனிதன், பாதி மீனாக ஒருத்தன் வருவான். உடம்பெல்லாம் செதில் கவசம். சண்டையில் ஜெயித்ததும் மூன்று முனை ஈட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்குவான். இங்கிலீஷில் ஏதோ பெயர். வீரமுத்து அவனைக் கடல்வீரன் என்பான்.

ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் வருடா வருடம் வேடப் போட்டி நடக்கிறது. போன வருடம் இவன் அட்டையில் கவசம் செய்துகொண்டு போனான். ஈட்டியைத் தூக்கினதும் தோள் பிய்ந்து மேடையில் விழுந்தது. பஸ்ஸில் வரும் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஏறும்போதெல்லாம், "அங்கிள், தோள் பத்திரமா லா?" இறங்கும்போதும் அதே கேள்வி. சிரித்துச் சமாளிப்பான், ஆனால் முகம் சுண்டிவிடும். இந்த வருடம் அதே மேடையில், அதே ஈட்டியைத் தூக்கியே தீர்வது என்று என்னிடம் வந்து வெட்டு மிச்சமாகக் கிடந்த பச்சை பிவிசி லெதரைக் கேட்டான். கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

ஐந்து மாதம். கடைக்குப் பின்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு செதிலாக வெட்டி, ஊசியும் மெழுகு நூலுமாகக் கையால் தைத்தான். கீழிருந்து மேலே, ஓடு வேய்கிற மாதிரி. அறுநூற்றுப் பன்னிரண்டு செதில். நான் எண்ணவில்லை, அவனே தினமும் சொல்லுவான். விரல் நுனியெல்லாம் பொத்தல். பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. மெஷினில் கொடுத்தால் இரண்டு நாள் வேலை.

"கொண்டா இப்படி, நான் அடிச்சுத் தர்றேன்" என்றேன்.

"வேணாம்ணே. எல்லாத் தையலும் என் கைத் தையல்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டி விதி."

"யாருடா வந்து பாக்கப் போறா?"

"கையெழுத்து நான்தானேண்ணே போடணும்" என்றான்.

பஸ்ஸுக்குள் வெயிலில் கிடந்தால் பிவிசி சுருண்டுவிடும் என்று கவசத்தை என் கடையில் மாட்டிவிட்டுத்தான் மாலை டிரிப்புக்குப் போவான். போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை அவன் டிரிப்புக்குப் போனதும் பார்த்தேன், முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகத் தொங்குகின்றன. இரண்டு தோளும் இரண்டு விலாவும் மூட்டவே இல்லை. தைக்க வேண்டிய இடத்தில் அவன் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டைப் பார்த்தேன். உடம்பைவிட நான்கு விரல் தொளதொளவென்று விட்டிருந்தான். வேலை தெரியாதவன் கோடு. முப்பத்தெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன் கண்ணுக்கு அது பொறுக்குமா? பஞ்சைவிட அரை அங்குலம் குறைத்துத் தைத்தால்தான் உறை சுருக்கமில்லாமல் நிற்கும். குஷன் தொழிலுக்கு அதுதான் உயிர். அவன் கோட்டை அழித்தேன், உள்ளே தள்ளி என் கோட்டைப் போட்டேன், நாலு இடத்தையும் மெஷினில் இரட்டைத் தையலாக ஓட்டினேன். கண்ணாடி மாதிரி நின்றது.

சாயங்காலம் டீ கொண்டுவந்த என் பெண்சாதி கிருஷ்ணம்மா அதைப் பார்த்தாள்.

"அவரக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்பான். அதான் கேக்கல."

"நல்லா செஞ்சீங்க போங்க" என்றாள். பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை டிரிப் கிடையாது, காலையிலேயே வீரமுத்து வந்தான். கவசத்தைப் பார்த்தான். தலைவழியாக மாட்டினான். உள்ளே போகவே நானும் கிருஷ்ணம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஒரு சுருக்கம் கிடையாது. அவன் மெல்லக் கையைத் தூக்கினான். மார்பு உயரத்துக்கு வந்தது, அதோடு நின்றுவிட்டது. மறுபடி தூக்கினான். விலா இரண்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன. மூச்சு விடவும் திணறினான்.

"அண்ணே, கை தூக்கத்தாண்ணே அந்த நாலு விரல் விட்டிருந்தேன்."

கிருஷ்ணம்மா முந்திக்கொண்டாள். "சீட்டு கையத் தூக்குமா? மூச்சுதான் விடுமா? இவருக்கு எப்படித் தெரியும்!"

"பிரிச்சுடலாம்டா, பத்து நிமிஷ வேலை" என்று பிளேடை எடுத்தேன். பிவிசியில் ஊசி இறங்கிய ஓட்டை இறங்கியதுதான், துணி மாதிரி மூடிக்கொள்ளாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவசரத்தில் இழுத்தேன். தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி ஓட்டை வரிசையோடு சரசரவென்று கிழிந்துகொண்டு வந்தது. ஒரு விலாவில் பதினெட்டுச் செதில் கையோடு வந்துவிட்டது. அலமாக், போச்சு!

"போதும்ணே. கைய எடுங்க." ஐந்து மாதத்தில் அவன் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

பிறகு அவனே உட்கார்ந்தான். இரண்டு விலாவையும் திறந்து, ஓரத்தில் துளை போட்டு, பச்சைக் கயிறு கோத்து, உடம்புக்குத் தகுந்தபடி தளர்த்திக் கட்டினான். சாயங்காலம் ஆகிவிட்டது. கை தலைக்கு மேலே போனது. தோள் மூட்டை மட்டும் அவன் தொடவில்லை. அதைப் பிரித்தால் அங்கேயும் கிழியும், மறுநாள் மேடையில் தோளே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். மேசையில் ஒரு பெண் உறுதிமொழிப் பாரத்தை நீட்டினாள். வீரமுத்து நிதானமாக எழுதினான்: இரண்டு தோள் மூட்டும் குஷன் கடை அண்ணன் மெஷினில் தைத்தது.

"எழுதாதடா" என்று அவன் காதில் சொன்னேன். "தைச்சது நானு, வாய் தொறக்க மாட்டேன்."

அவன் கீழே கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். அந்தப் பெண் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். "சாரி அங்கிள். மேடைக்குப் போலாம், ஆனா உங்களுக்கு மார்க் போட மாட்டாங்க." நான் சண்டைக்கே போய்விட்டேன். அறுநூறு செதில் அவன் கை, இரண்டு மூட்டு என் கை, இதற்கு ஒரு கணக்கு வேண்டாமா? வீரமுத்துதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "விடுங்கண்ணே, எல்லாரும் பாக்குறாங்க."

மேடையில் நின்றான். ஈட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான். பஸ் பெண்கள் நாலு பேர் வந்திருந்தார்கள், விசில் அடித்தார்கள். தோள் அசையவில்லை. ஒரு நூல்கூட அசையவில்லை. அது என் தையல். அதைப் பக்கத்தில் நின்றவனிடம்கூடச் சொல்ல முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பரிசு தெர்மோகோல் இறக்கை கட்டிய ஒரு பையனுக்குப் போனது. ஒட்டுவேலை, தையலே கிடையாது.

திங்கட்கிழமை வீரமுத்து கடைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை டிரைவர் சீட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டான். உறை ஓரத்தில் தேய்ந்திருந்தது.

"இதத் தைச்சு வைங்கண்ணே. அரை அங்குலம் கொறச்சே தைங்க."

"அந்தக் கவசம்?"

"பஸ்ல இருக்கு. தோள மறுபடி வெட்டி, நானே தைக்கப் போறேன்."

பச்சை லெதர் இன்னும் ஒரு சுருள் மிச்சம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். ஆனால் கவசத்தை என் கடையில் மாட்டிவைக்க இன்றுவரை கொண்டுவரவில்லை. வெயிலில் சுருண்டுபோகும்டா என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்துவிட்டேன்.