கேசட்டின் முதல் பக்கம் கருமாத்தூரில் முடியும்

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஓடிய பஸ்களிலேயே என் பஸ்ஸில் கேட்ட பாட்டு மாதிரி வேறு எதிலும் கேட்டிருக்க முடியாது. இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லாரி கழுவினேன், லாரி ஓட்டினேன், பிறகு சொந்தமாக பஸ் வாங்கினேன். வாங்கியதும் முதலில் மாற்றியது டயரை அல்ல, ஸ்பீக்கரை. கடையில் தொங்கும் கேசட்டை வாங்க மாட்டேன். மதுரையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இசைத்தட்டிலிருந்து ஒவ்வொரு பாட்டாகப் பதிய வைப்பேன். தபேலாவில் விரல் விழுவதும் உள்ளங்கை விழுவதும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் எனக்கு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எம்பித்ரீ வந்தது. எனக்குப் பின்னால் கிளம்பும் வண்டிக்காரர் அதை மாட்டிவிட்டார். என் கண்டக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அண்ணே, ஒரே தட்டுல நூத்தம்பது பாட்டு. திருப்ப வேணாம், நாடா சிக்காது. நான் டிக்கெட்டக் கிழிப்பேனா, கேசட்டத் திருப்புவேனா?”

“நூத்தம்பதையும் ஒரு தட்டுக்குள்ள அமுக்குனா அது பாட்டா மாப்ள, ஊறுகாயா?”

ஆனாலும் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு சனிக்கிழமை மாட்டினோம். சலங்கைச் சத்தம் மணலை வாரி இறைத்த மாதிரி இருந்தது. தபேலா தகர டப்பாவாகிவிட்டது. வண்டியில் ஒருவராவது முகம் சுளிப்பார் என்று கண்ணாடியில் பார்த்தேன். ஒருவரும் சுளிக்கவில்லை. எனக்கு அதுதான் வலித்தது.

திங்கட்கிழமை, காலையில் கிளம்பும் முதல் நடை. அதை எப்போதும் நான்தான் ஓட்டுவேன். செக்கானூரணி பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஏழு பேர் உசிலம்பட்டியில் ஏறுவார்கள். ஆறு வருடமாக அந்த நடைக்கு அவர்கள்தான் அச்சாணி. அன்று நாகமலை புதுக்கோட்டையில் வண்டி நிற்கும்போது பெண்கள் பக்கமிருந்து ஓர் அலறல். ஏழு பேரில் மூத்த டீச்சர்.

“அண்ணே, செக்கானூரணி வந்துருச்சா?”

“அது போயி பத்து நிமிசம் ஆச்சே டீச்சர்!”

“நான் கத்துனேனே,” என்றார் கண்டக்டர்.

“நீங்க வழியில நிக்கிற புளிய மரத்துக்கெல்லாம் கத்துறீக. எதுக்குன்னு முழிக்கிறது? முன்னாடின்னா டக்குனு பாட்டு நிக்கும், நீங்க கேசட்டத் திருப்புவீக, அந்த அமைதியில முழிப்பு வந்துரும். பைய எடுக்கச் சரியா இருக்கும். இப்ப பாட்டு நிக்கவே மாட்டேங்குதே! ஹெச்.எம். அரை நாள் லீவு போட்டுருவாக. நாளையிலருந்து நாங்க முன்னாடி போற வண்டிதான். அதுல பாட்டே கிடையாது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரைமணி நேரம் ஓடும் முதல் பக்கம், கருமாத்தூர் தாண்டும்போது முடியும். அடுத்து செக்கானூரணி.

“அப்ப, அம்புட்டுப் பாடுபட்டு நான் பதிஞ்ச பாட்டு?”

“பாட்டா? உக்காந்ததும் தூங்கிருவோமேண்ணே!”

மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “நாளைக்கு ஒரு நாள் ஏறிப் பாருங்க, கேசட்டுதான் ஓடும்,” என்று சொல்லி, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, ஏழு பேரையும் ஏற்றிவிட்டேன்.

கேசட் பாடும் பெட்டியை நான் கழற்றினேனே தவிர எறியவில்லை, சீட்டுக்கடியில் பத்திரமாக இருந்தது. முதல் நடைக்குக் கேசட், மற்ற நடைகளுக்குக் கண்டக்டரின் ஊறுகாய் என்று ஏற்பாடு செய்தேன். மறுநாள் ஏழு பேரும் ஏறினார்கள், ஏறியதும் தூங்கினார்கள். கருமாத்தூர் தாண்டியதும் பாட்டு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன்: ஏழு தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. “பைய எடுங்க தாயி!” என்று கண்டக்டர் முனகிக்கொண்டே கேசட்டைத் திருப்பினார்.

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டில்தான் தபேலாவை யாரோ அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். அது பாதி ஓடுவதற்குள் டீச்சர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். ஒலியைக் கொஞ்சம் கூட்டி, மீதியை நானே கேட்டுக்கொண்டு மதுரைக்கு ஓட்டினேன்.