நாலாம் திகதியில் நின்றுபோன லூப்

போன செவ்வாய்க்கிழமை காலை என் கம்ப்யூட்டரைக் கெட்ட வார்த்தையால் திட்டினேன். பக்கத்தில் இருந்த யூஜினி அக்காவும் திட்டினார். ஆனால் அவர் திட்டியது என்னை!

விஷயம் இதுதான். எங்கள் தீவின் ஓலைத்தொடுவாயில் அக்காவுக்கு ஒரு கரைவலைப் பாடு இருக்கிறது — வலையைக் கடலில் வளைத்துக் கரைக்கு இழுக்கிற இடம், அவர் குடும்பத்து உரிமை. பக்கத்துப் பாடு வைத்திருக்கும் சூசை சொல்வது வேறு: அந்தப் பாடு போன மாதம் முழுக்க அக்கா இழுக்காமல் சும்மா கிடந்ததாம், தான்தான் அங்கே வலை இழுத்தாராம். இப்படி மனுவும் கொடுத்துவிட்டார். பதினொரு மணிக்குக் கடற்றொழில் கந்தோரில், அதிகாரி முன் விசாரணை. தோற்றால் பாடு போய்விடும்.

அக்காவிடம் ஆதாரம் இருந்தது. வலை இழுத்த ஒவ்வொரு நாளும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். என் டிஸ்கில் திகதிக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் ஊர்ப்பட்ட படங்கள். அக்காவுடையது மட்டும் ‘பாடு’ என்ற தனி ஃபோல்டரில்.

ஒவ்வொன்றாகத் திறந்து கையால் எடுக்க நான் என்ன முட்டாளா? கறுப்புத் திரையில் நாலு வரியில் ஒரு லூப் எழுதினேன், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை. ஒன்றாம் திகதியிலிருந்து மாதக் கடைசிவரை போ, ‘பாடு’ ஃபோல்டரை பென் டிரைவுக்குக் காப்பி பண்ணு, பிழை வந்தால் அங்கேயே நில் — இந்தக் கடைசி வரியை எழுதியபோது எனக்கு அவ்வளவு பெருமை!

ஒன்று, இரண்டு, மூன்று... நாலில் நின்றது. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லையாம்.

மறுபடி ஓட்டினேன். மறுபடி நாலு. மணி பத்தைத் தாண்டிவிட்டது.

“அக்கா, நாலாம் திகதி ஏன் படம் அனுப்பேல்ல?”

“அண்டைக்கு என்ன கிழமை?”

“ஞாயிறு.”

“ஞாயிற்றுக்கிழமை ஆரடா கடலுக்குப் போறது? நீ கோயிலுக்கு வந்தாத்தானே உனக்குத் தெரியும், மொக்கன்!”

இந்தத் தீவில் பிறந்தவன் நான். ஞாயிறு வலை இறங்காது என்பதை மறந்து லூப் எழுதியிருக்கிறேன்!

ஒரு வரியை மாற்றினேன். ஃபோல்டர் இருந்தால் காப்பி பண்ணு. இல்லையென்றால் திகதியை மட்டும் காட்டிவிட்டு அடுத்ததுக்குப் போ. விறுவிறுவென்று ஓடி முடிந்தது. திரையில் ஐந்து திகதிகள் மட்டும் நின்றன. நாலு ஞாயிறு, ஒரு புதன்.

“புதன் என்னக்கா?”

“செத்தவீடெல்லோ. ஊரில ஒரு வள்ளமும் இறங்கேல்ல.”

அந்த ஐந்தையும் பேப்பரில் எழுதிக்கொண்டு, பென் டிரைவோடு கந்தோருக்கு ஓடினோம்.

சூசை ஒரு கொப்பியை நீட்டினார். மாதம் முழுக்க, ஒரு நாள் விடாமல் வலை இழுத்ததாக எழுதியிருந்தார். படம்? ஒன்றும் இல்லை.

அதிகாரி எங்கள் பேப்பரைத் தட்டினார். “உங்கட படத்தில அஞ்சு நாள் இல்லையே?”

அக்கா எழுந்தார். “ஓம் ஐயா, இல்லை. நாலு ஞாயிறு, ஊரே பூசையில. புதன் செத்தவீடு. சூசை அண்ணை, அண்டைக்கும் வலை இழுத்தனீங்கள் எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப எனக்கு முன்னால சவப்பெட்டி தூக்கிக்கொண்டு போனது ஆர்?”

கந்தோரே சிரித்தது. சூசையும் சிரித்துவிட்டார். வேறு என்ன செய்வார்? பாடு அக்காவுக்கே!

அன்று மதியம் எனக்கு அக்கா வீட்டில் பாரை மீன் குழம்பு. பரிமாறும்போதே கட்டளையும் வந்தது — இனி ஞாயிறு தவறாமல் பூசை. போகத்தான் வேண்டும். கோயிலில் ஆள் இல்லையென்றால் பேசாமல் அடுத்ததுக்குப் போக, அவர் என்ன என் லூப்பா?